ஒரு மார்க்குக்குள் அடங்கிய காபி

நேற்றுக் காலை ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையைத் துடைத்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "இன்னா சார், இந்த வயசுல ஊசிக்கு பயந்துக்கினு?" என்று சிரித்தாள். ஊசிக்காக இல்லையம்மா என்று அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. எனக்கு ஸ்பிரிட் என்றால் உன் தகர அடுப்புதான் ஞாபகம், நண்பா.

கூல்டிரிங்ஸ் டின் இரண்டை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, ஓரத்தில் ஊசியால் ஓட்டை போட்டு, ஸ்பிரிட் ஊற்றி எரிக்க நீயே செய்த அடுப்பு. மலைமேல் பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. எரிகிறதா என்று மேலே உள்ளங்கையைக் காட்டிப் பார்ப்பாய், சுட்டுக்கொண்டு என்னைத் திட்டுவாய். ஜவ்வாது மலைக்கு நாம் ஏறிப்போனபோதெல்லாம் இது நடந்தது. நீ திருந்தவேயில்லை.

பிள்ளையார்பாளையத்தில் ஜரிகைக் கடை வைத்திருந்தவன் நீ. நிறுப்பதே உனக்குப் பிழைப்பு. கிளம்புவதற்கு முதல் நாள் நம் பைகளைப் பிரித்து, ஜரிகை நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக வைப்பாய். என் டார்ச்சைத் தள்ளினாய், என் இரண்டாவது சட்டையைத் தள்ளினாய், பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூட வெட்டினாய். "காபி சாமான் மொத்தமும் ஒரு மார்க்குக்குள்ள அடங்கணும்பா" என்பது உன் சட்டம். ஒரு மார்க்கு ஜரிகை என்றால் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அடுப்பு, அலுமினியக் குவளை, தூள், பால்பவுடர், சர்க்கரை எல்லாம் அதற்குள். பித்தளை ஃபில்டரைப் பற்றிப் பேச்செடுத்தாலே உனக்குக் கோபம் வரும்.

ஃபில்டருக்குப் பதிலாக நீ கண்டுபிடித்தது பட்டு. பட்டைவிட லேசான, நெருக்கமான துணி உலகத்திலேயே இல்லை என்று பிரசங்கம் செய்தாய். முதல் தடவை வடிகட்டியபோது டிகாஷன் அரக்குச் சிவப்பாக இறங்கியது. புதுப் பட்டில் வெந்நீர் பட்டால் சாயம் இறங்கும் என்பது பட்டு நெய்யும் நம் ஊரில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். அதையும் முகம் சுளிக்காமல் முழுசாகக் குடித்தாய். பிறகு சாயக்காரரிடம் சொல்லி, சாயம் ஏறாத வெள்ளைப் பட்டில் ஒரு துண்டு வாங்கினாய். அதற்கப்புறம் நீ போட்ட காபி மாதிரி நான் எங்கேயும் குடித்ததில்லை. தண்ணீரைக் கொதிக்க விடமாட்டாய், அடியில் குமிழி கிளம்பும்போதே இறக்கிவிடுவாய். தூளைக் கொஞ்சம் நனைத்து ஊறவைத்து, மிச்சத்தை நூல் மாதிரி ஊற்றுவாய். பால்பவுடரைப் பச்சைத் தண்ணீரில் குழைத்துவைத்து அதன்மேல் டிகாஷனை விடுவாய். கட்டியே தட்டாது.

அந்த முதல் பட்டுத்துண்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உன் மனைவி ஒரு கல்யாணத்துக்குக் கட்ட வைத்திருந்த புடவையின் ரவிக்கைத் துணியில் வெட்டியிருக்கிறாய். "ஏண்ணா, காபி வடிகட்ட என் ஜாக்கெட் பிட்டுதான் கெடைச்சுதா ஒங்களுக்கு?" என்று அவள் என்னைத்தான் கேட்டாள். நான் கேட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறாய். அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். தலையைச் சொறிந்துகொண்டு, "தெரியாம கேட்டுட்டேம்மா" என்றேன். அப்புறம் அதுவே வழக்கமாகிப்போனது. கடையைப் பூட்டிவிட்டு மலைக்குக் கிளம்பினால், நான் பிடிவாதம் பிடித்தேன் என்பாய். அவள் கொடுப்பதைப் பையில் வைக்க மறுத்தால், எடை பார்க்கிறவன் நான்தான் என்று என்மேல் போடுவாய். எனக்கு அதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

கடைசித் தடவை கிளம்பும் முன் கேட்டேனே, நினைவிருக்கிறதா? படி ஏறவே உனக்கு மூச்சு வாங்கியது. "டாக்டராண்ட காட்டுனியா?" என்றேன். "காட்டுனேம்பா. ஒண்ணுமில்ல, நல்லா நடங்கன்னு சொல்லிட்டாரு" என்றாய். நம்பினேன். உன்னை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

மலைமேல் மறுநாள் காலையில் காபி போட்டு என் குவளையில் ஊற்றிக் கொடுத்தாய். உன்னுடையதைக் கையில் எடுத்தவன், பாறையில் சாய்ந்து உட்கார்ந்தாய். வேர்த்துக் கொட்டியது. மலை ஊர்க்காரர்கள் உன்னைக் கட்டிலில் போட்டுத் தூக்கிவந்து ஜீப்பில் ஏற்றினார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். உன் மனைவிக்குப் போன் செய்தபோது அவள் அழுதுகொண்டே நான்கு மாத்திரையின் பெயரைச் சொன்னாள். இதயத்துக்கு. மலை ஏறவே கூடாது என்று டாக்டர் அவளையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். அதற்குள் நீ போய்விட்டிருந்தாய்.

அவள் உன் பைக்குள் வைத்து அனுப்பிய மாத்திரை டப்பா, பிறகு கடையைத் திறந்தபோது தராசுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு வெற்றிலை எடைகூட இருக்காதேடா அது! உனக்கு எடை பெரிதில்லை. என் கண்ணில் பட்டுவிட்டால் மலைக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்று பயந்திருக்கிறாய். அவ்வளவுதான்.

உன் வருஷத் திதிக்குப் போனேன். உன் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒடம்பு முடியல, வேணாம்னு அவரு எவ்ளோ சொல்லியும், வந்தே ஆவணும்னு நீங்க நின்னீங்களாமே. மாத்திரைகூட எடைன்னு எடுத்து வைக்க சொன்னீங்களா?"

கடைசியாக வீட்டில் நீ சொல்லிவிட்டுப் போன காரணம் அது. மாத்திரையை அவளாகச் சேர்த்துக்கொண்டாள். அதற்கும் நீதான் வழி செய்து வைத்திருந்தாய். உண்மை நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் நான் உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தன் பேச்சை மீறாத புருஷன் என்று அவள் ஒருவனுக்காக அழுதுகொண்டிருந்தாள். அவனையும் அவளிடமிருந்து எடுத்துவிட்டால் அந்த வீட்டில் என்ன மிச்சம் இருக்கும்?

"ஆமாம்மா" என்றேன்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். உன் மகள் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என் வீட்டிலேயே, உண்மையைச் சொல்லித் தொலையுங்கள் என்று தினமும் சண்டை.

இறந்தவன்மேல் கோபப்படக் கூடாதாம். எனக்குக் கோபம் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. இந்த ஊரில் உன்னை மலைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கொன்றவன் நான்தான். கேட்கிறவர்களுக்கெல்லாம் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.