கை எட்டும் உயரம்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். மழை வந்தால் அவர் முழங்கால் முனகுகிறது, வாய் மட்டும் எப்போதும்போல நன்றாக வேலை செய்கிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் புகுந்து கேள்வி கேட்பாய் என்றுதான் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுச் சுவருக்கு ஒரு பெரிய படம் கேட்டிருந்தார்கள் அல்லவா, பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிற மாதிரி துணி, கயிறு, பெயிண்ட் எல்லாம் சேர்த்து. தினமும் மருந்துத் தண்ணீரால் துடைப்பார்கள், பிள்ளைகள் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார்கள், அதனால் ஒவ்வொன்றையும் முதலில் சின்னப் பலகையில் ஒட்டித் துடைத்துப் பார் என்று நீ சொன்னாய். அப்படியே செய்தேன். துடைக்கிற வேலை அப்பாவுக்கு. காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேப்பர் திருத்துகிற வாத்தியார் மாதிரி, கம்பளி நூல் ஃபெயில், சாக்குத்துணி பாஸ் என்று அறிவிப்பார். பாஸானதை மட்டும் வைத்து மலையும் ஆறும் செய்தேன். எதுவும் உரியவில்லை, சாயம் போகவில்லை, பார்க்கத்தான் சகிக்கவில்லை. ஒவ்வொரு துணியும் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்பாவே, "நல்லா துடைக்க வருது" என்று மட்டும்தான் பாராட்டினார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் டெஸ்ட் டோஸ் கொடுத்து, காத்திருந்து, அப்புறம்தான் ஊசி. ரிட்டயர் ஆன பிறகும் அதேதானா? அலமாரியில் மாவுக்கட்டுத் துணி கிடந்தது. நீலத் தண்ணீரில் முக்கி மலைக்கு மேலே வீசினேன், மடித்தேன், விரலால் தள்ளினேன். எத்தனையோ கை கால்களுக்குச் சுற்றிய கை, யோசிக்கவே இல்லை. மேகம் வந்தது, மேகத்துக்குள்ளிருந்து பறவைகள் வந்தன, சில ஆறுவரைக்கும் இறங்கின. கரண்டியோடு வந்து நின்ற அப்பா அடுப்பை மறந்தே போனார். அன்று தீய்ந்ததைத்தான் சாப்பிட்டோம், சந்தோஷமாகத்தான் சாப்பிட்டோம். காய்ந்த பிறகு துடைத்துப் பார்த்தால் துடைத்த துணியெல்லாம் நீல மாவு. "லேசாத்தான் வருது, யாரு பாக்கப் போறாங்க" என்றார் அப்பா, அவருக்கே மனசு கேட்கவில்லை. அந்த மாவு ஒரு குழந்தையின் வாய்க்குள் போவதை என்னால் நினைக்க முடியவில்லை. பறவைகளைப் பிய்த்தெடுக்கவும் கை வரவில்லை.

ஹெட் நர்ஸிடம் போய்த் திறப்பு விழாத் தேதியைத் தள்ளிப்போடச் சொன்னேன். "எல்லாரையும் கூப்பிட்டாச்சு சிஸ்டர், இப்ப மாட்டிடுங்க, அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்று கெஞ்சினாள். மாட்டினால் பிறகு யாரும் கழற்ற மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? முடியாது என்றேன். அதற்குப் பிறகு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வார்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் ஒளிப்பானேன். அப்போது கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்ட ஒரு சின்னப் பெண், நல்ல கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே போனாள். பார்த்தால் சுவர் நெடுக அந்த உயரத்தில் ஓர் அழுக்குக் கோடு, எத்தனையோ பிள்ளைகளின் கை பட்டது. அதற்கு மேலே சுவர் சுத்தம். இத்தனை வருஷம் அந்த வராந்தாவில் ஓடியும் நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து, படத்தில் பிள்ளைகள் கை எட்டுகிற உயரத்துக்குக் கொஞ்சம் தாராளமாகவே கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே இருந்ததையெல்லாம், அந்த ஜீவனில்லாத ஆறு உட்பட, சுரண்டி எடுத்துவிட்டேன். ஆற்றில் இறங்கிய பறவைகளும் போயின, மனசு வலித்தது. மேலே இருப்பது நன்றாகக் காயட்டும், பிறகு வார்னிஷ், அதையும் சின்னப் பலகையில் பார்த்துவிட்டுத்தான். திறப்பு விழா வெறும் சுவரோடு நடந்து முடிந்தது.

கீழ்ப்பாதியை நான் செய்தால் மறுபடியும் பயந்து பயந்துதான் செய்வேன். எது தாங்கும், எது தாங்காது என்று உன் விரலுக்கே தெரியும், உன்னால் அங்கேயும் விளையாட முடியும். மியூசியத்தில் அடுத்தவர் வரைந்த பழைய படங்களுக்கே ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாய். கேட்டால், "எனக்குச் சரி பண்ணத்தாம்மா தெரியும்" என்கிறாய். சின்ன வயதில் நீ வரையாத கதவு இந்த வீட்டில் இல்லை. அந்தக் குழந்தைகளின் கை படுகிற இடத்தை நம்பிக் கொடுக்க எனக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை. அதை உனக்காகத்தான் காலியாக வைத்திருக்கிறேன். லீவு சொல்லிவிட்டு வா.

எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக இரு கண்ணு. வரும்போது நல்ல துணி கொண்டுவராதே, பெயிண்ட் பட்டால் போகாது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா