குடுவையில் சிராப்

செவ்வாய், இரவு.

பல்கலைக்கழகத்தின் புதிய நீரிழிவு ஆய்வுக்கூடத்தை இன்று திறந்தார்கள். கருவிகள் இன்னும் வரவில்லை. விருந்தினர் பார்ப்பதற்காகக் குடுவைகளில் சிராப் என்கிற சிவப்பு இனிப்புச் சர்பத்தைக் கரைத்து வைத்து, ஆராய்வதுபோல் நின்றேன்.

எல்லோரும் போனபின் துப்புரவு செய்ய மேரி அக்கா வந்தார். பாக்கார் ஆராங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவர்.

"இதான் இனிப்புநீருக்கு மருந்தாம்மா? எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கால எடுத்துட்டாங்க. இன்னொன்னாச்சும் தப்பிக்கணும் லா."

"கொஞ்ச நாள் ஆகும்க்கா." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் குடுவைகளைத் தொடாமல், மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றிலும் மட்டும் துடைத்தார். அவர் எதிரில் அவற்றைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

காலைக்குள் எறும்பு மொய்த்திருக்கும். கதவை முதலில் திறப்பவர் அவர்தான்.