ஓலாஃபின் பதினான்கு ஆட்சேபங்கள்

7 ஜூன் 2004, திங்கள்

இன்றும் பதினொன்றேகாலுக்குத் திரை உறைந்தது. திரையில் மிளகுக் கணக்கைத் தட்டும் ஓமனாச் சேச்சி, "போயாச்சு" என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கக் கிளம்பினார். அவர் திரும்பி வந்தபோதும் அப்படியேதான் இருந்தது. கீழே குடோனில் மிளகுச் சாக்கை எடை போட்டவர்கள் சீட்டும் கையுமாகப் படியில் வரிசை கட்டி நின்றார்கள்.

ராசப்பன் முதலாளி மேலே ஏறி வந்தார்.

"அனீஷே, இது எந்து ஏர்ப்பாடாடா? மிளகு இருக்கு, வாங்க ஆள் இருக்கு, நடுவுல உன் பெட்டி மட்டும் உறங்குது."

"இப்ப சரியாயிடும் முதலாளி."

"ஓணம் வரைக்கும் பாப்பேன். பின்னே அந்த எர்ணாகுளம் கம்பெனிக்காரனோட சாஃப்ட்வேர்தான். பாத்துக்க ஆளும் அவனே தருவான்."

ஆளும் அவனே தருவான். அப்படியென்றால் நான்?

மனைவி பிந்துவிடம் சொல்லவில்லை. இங்கே எழுதலாம், பயமில்லை. அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நான் ஐந்தாவது வரை தென்காசியில் மாமா வீட்டில் படித்ததில் இந்த ஒரு லாபம்.

9 ஜூன், புதன்

சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள். கார்ப்பரேஷன் சுகாதாரப் பிரிவில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்து, ஆறு வருடம் யூனியன் கிளைச் செயலாளராகவும் இருப்பவளிடம் எதை மறைக்க?

"அந்தப் பெட்டிக்கு எந்தா கேடு?"

விளக்கினேன். எங்கள் ஆபீசில் ஓடுவது ஹெரான். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, சும்மா கொடுக்கிற டேட்டாபேஸ். ஒரு லாட்டின், அதாவது ஒருவர் கொண்டுவரும் மிளகுச் சரக்கின், எடையைத் திருத்தினால் அது பழைய வரியை அழிக்காது. புதிதாக ஒரு வரி எழுதிக்கொள்ளும். பழையது செத்த வரியாக உள்ளேயே கிடக்கும். நாங்கள் ஒரு லாட்டை நாளைக்கு இருபது தடவை திருத்துகிறோம். எடை, ஈரம், தரம் என்று. செத்ததெல்லாம் சேர்ந்தால் தேடுவதற்கு நேரமாகும், கடைசியில் நின்றே போகும். 'ஸ்வீப்' என்று கட்டளை கொடுத்தால் பெருக்கித் தள்ளிவிடும். ஆனால் பெருக்கி முடிக்கும்வரை யாரும் உள்ளே நுழைய முடியாது; வாரா வாரம் திங்களன்று நான் பெருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் திரை உறைகிறது.

"ராத்திரி பெருக்கினா என்ன?"

உலகமே அப்படித்தான் செய்கிறது. எங்கள் முதலாளி மட்டும் ஆறு மணிக்குத் தன் கையாலேயே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவார். ஆளில்லாத குடோனில் கரண்ட் ஓடினால் தீப்பிடிக்குமாம்.

"அப்போ பகல்லயே, ஆள் ஒதுங்கற நேரம் பாத்துக் கொஞ்சம் கொஞ்சமாப் பெருக்கணும். நாங்க மார்க்கெட் ரோட்டை அடைச்சுவச்சா பெருக்கறோம்?"

அதைத்தான் மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், யாரும் சொல்லாமல் தானாகவே பெருக்கிக்கொள்ளும் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"ஆளில்லாம தானாப் பெருக்குமா? அதுக்கு எங்க யூனியன் சம்மதிக்காது, சொல்லிட்டேன்."

21 ஜூன், திங்கள்

அனுப்பிவிட்டேன். ஹெரான் எழுதுகிறவர்கள் கூடுகிற மின்னஞ்சல் குழுவுக்கு, என் நிரல், எழுநூற்றுப் பத்து வரி. குழு ஏற்றுக்கொண்டால்தான் ஹெரானில் சேரும். சேர்ந்துவிட்டால் அப்புறம் முதலாளி என்ன சொல்ல முடியும்? டயல்-அப் இரண்டு தடவை அறுந்தது.

22 ஜூன்

பதில் இல்லை.

23 ஜூன்

இல்லை. "தபால்ல போட்டீங்களா?" என்கிறாள் பிந்து.

24 ஜூன், வியாழன்

வந்தது! ஓலாஃப். நார்வேயில் ஏதோ பனி ஊர்க்காரன். ஹெரானின் பாதி இவன் எழுதியது. முதல் வரியிலேயே 'மைனஸ் ஒன்று'. இந்தக் குழுவில் அதற்கு அர்த்தம், வேண்டாம்; வேண்டும் என்றால் 'பிளஸ் ஒன்று'. கீழே பதினான்கு ஆட்சேபங்கள், எண் போட்டு.

ஒன்றாவது: வரிகளின் தொடக்கத்தில் டேப் போட்டிருக்கிறாய், ஸ்பேஸ் போட வேண்டும்.

மூன்று மாத உழைப்பில் இவன் கண்ணில் பட்டது வரிக்கு முன்னால் இருக்கிற வெற்றிடம்! மேற்கொண்டு படிக்கவில்லை. படிக்கவும் மாட்டேன். மூன்று பக்கம் பதில் எழுதினேன். 'உங்கள் ஊரில் மின்சாரம் அணைவதில்லை என்பதற்காக' என்று ஆரம்பித்தேன். நல்ல ஆரம்பம்.

25 ஜூன்

ஓலாஃப்: 'அப்படியானால் பழுது டேட்டாபேஸில் இல்லை. உங்கள் முதலாளியில் இருக்கிறது. அவரைத் திருத்துவதற்கு நிரல் அனுப்பவும்.'

ஓமனாச் சேச்சிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சாயா புரையேறிவிட்டது. "அவன் ஆள் கொள்ளாமே!" பலே ஆள்தானாம். நீங்கள் யார் பக்கம் சேச்சி?

30 ஜூன், புதன்

ஐந்து நாளில் நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். என் நிரலைப் பற்றி ஆறு. மிச்சமெல்லாம் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று. 'ஆட்டோஸ்வீப்' என்கிறது ஒரு கட்சி. 'ஆட்டோ' என்றால் மோட்டார் வண்டி என்கிறது இன்னொரு கட்சி. நடுவில் கோடு வேண்டுமா, அடியில் கோடு வேண்டுமா என்று ஒரு கனடாக்காரரும் ஒரு பிரேசில்காரரும் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டுவிட்டார்கள். கனடாக்காரர் குழுவை விட்டே விலகுவதாக அறிவித்தார். மாலையில் திரும்பி வந்தார்.

பிள்ளை பிறக்கவே இல்லை, பெயருக்கு அடிதடி.

4 ஜூலை, ஞாயிறு

இன்று பிந்து மத்தி வறுத்துக்கொண்டே எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னாள். ஓலாஃப், நான், ஓலாஃப், நான். பத்துக் கடிதம் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"இந்தக் கமிட்டியில எத்தனை மெம்பரு?"

"ஆயிரத்துச் சொச்சம்."

"பேசறது?"

"ஏழெட்டுப் பேர்."

"பின்னே எதுக்கு ஏட்டா அந்த ஏழு பேருகிட்ட மல்லுக்கட்டறீங்க? மிண்டாம, வாயே திறக்காம இருக்கிற ஆயிரம் பேருகிட்ட கேளுங்க. அபிப்பிராயம் கேக்காதீங்க, அபிப்பிராயம் கேட்டா தீர்ந்துச்சு. உங்க ஊர்ல எத்தனை நிமிஷம் நிக்குதுன்னு மட்டும் கேளுங்க."

"நீ ஆட்டோமேட்டிக்குக்கு எதிரியாச்சே?"

"எதிரிதான். ஆனா மீட்டிங்குல இப்படித் தோக்கறதைப் பாத்துக்கிட்டிருக்க முடியல."

5 ஜூலை, திங்கள்

கேட்டுவிட்டேன். ஒரே வரி: 'பெருக்கும்போது உங்கள் வேலை எத்தனை நிமிடம் நிற்கிறது?'

9 ஜூலை

நாற்பத்தொரு பதில்! இதுவரை வாயே திறக்காதவர்கள். போர்ச்சுகலில் ஒரு நூலகம், முப்பது நிமிடம். அந்த நேரத்தில் யாருக்கும் புத்தகம் கிடையாது. நியூசிலாந்தில் ஒரு பால் பண்ணை, இருபது நிமிடம். 'மாடுகள் காத்திருப்பதில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். சிலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அந்த நேரத்தில் ஆசிரியர்கள் பந்து விளையாடுகிறார்களாம்.

பிந்துவுக்கு முல்லைப்பூ வாங்கிப் போனேன். "யூனியனுக்குச் சந்தாவா?" என்றாள்.

13 ஜூலை, செவ்வாய்

ஓலாஃப் எழுதிவிட்டான். 'தேவை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். நிரலை ஒப்புக்கொள்ளவில்லை. என் பதினான்கு ஆட்சேபங்களுக்கு இன்னும் பதில் வரவில்லை.'

வராது. ஓணத்துக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. குழு சம்மதிக்கும்வரை நான் ஏன் காத்திருக்க வேண்டும்? இலவச மென்பொருள்தானே, என் ஆபீசில் நான் போட்டுக்கொள்ள யார் அனுமதி வேண்டும்? திங்களன்று போடுகிறேன்.

19 ஜூலை, திங்கள்

போட்டாயிற்று. திரை உறையவில்லை! பதினொன்றேகால் தாண்டிப் பன்னிரண்டு, ஒன்று. மளமளவென்று ஓடியது. ஓமனாச் சேச்சி எழுந்து போவதற்குக் காரணமே கிடைக்காமல் நாற்காலியில் நெளிந்தார். ஓலாஃபுக்கு இன்று ஒன்றும் எழுதப்போவதில்லை. நாளைக்கு எழுதுகிறேன். நிதானமாக, ரசித்து.

20 ஜூலை, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

மத்தியானம் சேச்சி கூப்பிட்டார். "அனீஷே, காலையில போட்ட லாட்டைக் காணோமே?" ஒன்று இல்லை. எண்பத்து மூன்று. நேற்றையதும் இன்றையதும், பாதிக்கு மேல் இல்லை. திரையில் வெள்ளையாக இருக்கிறது. சனிக்கிழமை எடுத்த நகல்தான் கடைசி. குடோனில் எண்பத்து மூன்று லாட் மிளகு கிடக்கிறது, எது யாருடையது, எது எந்தத் தரம் — தெய்வமே, நானே என் கையாலே... சேச்சி முதலாளியிடம் சொல்லவில்லை. சொல்லத்தானே வேண்டும்? எத்தனை நேரத்துக்கு மறைப்பது?

எப்படி நடந்தது? கழிப்பறையில் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு வந்து ஓலாஃபின் கடிதத்தைத் திறந்தேன். இரண்டு, மூன்று, நான்கு...

ஒன்பதாவது ஆட்சேபம்: 'ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும், இன்னும் முடிக்காத வரியையும் இந்த நிரல் செத்த வரி என்று நினைத்துப் பெருக்கிவிடும். தயவுசெய்து இதை எங்கேயும் ஓட்டாதீர்கள். எங்கேயும்.'

'எங்கேயும்' இரண்டு தடவை. ஒரு மாதமாக என் பெட்டியில் கிடக்கிறது. டேப்பைப் பற்றி எழுதினான் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு படிக்காமல் விட்டேனே, நான் மனுஷனா?

21 ஜூலை, புதன்

காலையில் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். படி ஏறும்போதே சேச்சி மறித்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து பெரிய நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். ஒவ்வொரு லாட்டும், பெயர், எடை, ஈரம், தரம், மணி மணியான மலையாளத்தில். கம்ப்யூட்டர் வந்த நாள் முதல், மூன்று வருடமாக, திரையில் போட்டதையெல்லாம் இதிலும் எழுதி வந்திருக்கிறார்.

"எதுக்கு சேச்சி?"

"உன்னை நம்பாமதான்." கொஞ்சம் வெட்கப்பட்டார். "கோபிக்காதே மோனே."

கோபமா? காலில் விழ வேண்டும்போல் இருந்தது. பழைய ஹெரானைப் போட்டு, அவர் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். இரண்டு மணிக்குள் எண்பத்து மூன்றும் திரும்பின. ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் கூட்டிச் சரிபார்த்தோம்.

பிறகு முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். முழுதாகக் கேட்டார். "இப்போ எல்லாம் கிட்டியோ?" "கிடைச்சாச்சு." "பின்னே எதுக்கு என் மூட் கெடுக்கிறே? போடா." ஓணம் கெடுவை மட்டும் மறக்கவில்லை.

22 ஜூலை, வியாழன்

ஓலாஃபுக்கு எழுதினேன். குழுவுக்கே, ஆயிரம் பேர் பார்க்க. 'ஒன்பதாவது ஆட்சேபம் சரி. நான் படிக்கவில்லை. எண்பத்து மூன்று லாட் மிளகைப் பெருக்கிவிட்டேன். மன்னிக்கவும்.'

அரை மணியில் தனியாகப் பதில் வந்தது. 'என் முதல் நிரல் ஒரு பனிச்சறுக்குச் சங்கத்தின் எல்லா உறுப்பினர்களையும் அழித்தது. அவர்களில் என் மாமனாரும் ஒருவர். ஒன்பதிலிருந்து ஆரம்பிப்போமா?'

9 ஆகஸ்ட், திங்கள்

பதினான்கில் பதின்மூன்று முடிந்தது. தினமும் மத்தியானம் அவன் காலைக் காப்பி, என் சோற்றுப்பாத்திரம். ஓலாஃப் இன்னும் எதையும் பாராட்டவில்லை. 'இது முன்பைவிடக் குறைவாகத் தவறு' என்றான். அச்சடித்து ஒட்டி வைத்திருக்கிறேன்.

டேப்புகளை எல்லாம் ஸ்பேஸாக மாற்றிவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை.

16 ஆகஸ்ட், திங்கள்

புதிய நிரல் ஒரு வாரமாக ஆபீசில் ஓடுகிறது. ஒரு வரிகூடக் காணாமல் போகவில்லை, திரை உறையவில்லை. இந்தத் தடவை நானும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். முதலாளி மேலே வந்து, படியில் வரிசை இல்லாததைப் பார்த்து, "இன்னிக்கு லோடு குறைவோ?" என்று கேட்டுவிட்டு இறங்கினார். அவ்வளவுதான் பாராட்டு விழா.

எர்ணாகுளம் ஆளைப் பற்றிப் பேச்சே இல்லை.

20 ஆகஸ்ட், வெள்ளி

புதுப் பிரச்சினை. ஓமனாச் சேச்சி என்னோடு பேசுவதில்லை. திங்கட்கிழமைச் சாயா போயிற்று. "மூணு வருஷமாக் கிட்டின ஒரு மணி நேரம், நீ வந்து பெருக்கிட்டே."

பிந்துவிடம் சொன்னேன், சிரிப்பாள் என்று. சிரிக்கவில்லை. "நான் ஆதியிலயே சொல்லல்லியா? மெஷின் வந்தா முதல்ல போறது ஓய்வு நேரம்தான்."

23 ஆகஸ்ட், திங்கள்

பிந்து லீவு போட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தாள். நான் மேஜைக்கு அடியில் வயர் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். முதலாளி அறையில் இருபது நிமிடம். குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

முடிவு: தினமும் பதினொன்றேகாலுக்கு எல்லோருக்கும் பதினைந்து நிமிடம் சாயா. வாரத்துக்குக் கணக்குப் போட்டால் சேச்சிக்கு லாபம். முதலாளி அவளைப் படிவரை வந்து வழியனுப்பினார். "இவளை எவிடெருந்து கிட்டிச்சு உனக்கு?" என்று என்னிடம் கேட்டார், மரியாதையாக.

3 அக்டோபர் 2005, திங்கள்

ஒரு வருடம் இழுத்தடித்து நிரல் ஹெரானில் சேர்ந்தது. புதிய பதிப்பில் வருகிறது. பெயர் கடைசியில் 'ஆட்டோஸ்வீப்', கோடு கிடையாது. கனடாக்காரர் மறுபடி விலகியிருக்கிறார்.

பதினான்காவது ஆட்சேபத்தில் மட்டும் ஓலாஃப் அசையவில்லை. இது இயல்பாக அணைந்தே இருக்க வேண்டும், வேண்டியவர்கள் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றிப் போட்டுக்கொள்ளட்டும் என்கிறான். இயல்பிலேயே போட்டிருக்க வேண்டும் என்றேன் நான். அவன்: 'தெரிந்து பயன்படுத்துகிறவர்கள் ஒரு வரி மாற்ற மறக்க மாட்டார்கள்.' தொண்ணூறு கடிதம். தோற்றேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் தோற்றேன்.

6 பிப்ரவரி 2006, திங்கள்

ஆபீசில் புதிய பதிப்பைப் போட்டு மூன்று வாரம். இன்று திரை உறைந்தது. சாயா நேரம்கூட இல்லை, பத்து மணிக்கு.

7 பிப்ரவரி

காரணம் தெரியவில்லை. டிஸ்க் பார்த்தேன், மெமரி பார்த்தேன், வயர் மாற்றினேன். முதலாளி படியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

8 பிப்ரவரி, புதன்

கண்டுபிடித்தேன். ஆட்டோஸ்வீப் அணைந்திருக்கிறது. புதிய பதிப்பைப் போட்ட அன்று நான் அந்த ஒரு வரியை மாற்ற மறந்துவிட்டேன். அதை எழுதியவன். அதற்காகத் தொண்ணூறு கடிதம் சண்டை போட்டவன்.

வீட்டில் சொல்லவில்லை. சேச்சியிடம் வயர் கோளாறு என்றேன்.

9 பிப்ரவரி, வியாழன்

இயல்பை மாற்ற வேண்டும் என்று குழுவுக்கு எழுதலாமா, எழுதினால் ஏன் என்று கேட்பார்களே என்று காலையெல்லாம் யோசித்தேன். மத்தியானம் சோற்றுப்பாத்திரத்தைத் திறந்துகொண்டே கடிதங்களைப் பார்த்தேன். ஓலாஃபிடமிருந்து ஒன்று, பொதுவில்.

'இனி ஆட்டோஸ்வீப் இயல்பாகவே இயங்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். காரணம் தனிப்பட்டது. என் சொந்த சர்வர் மூன்று நாளாக நின்றிருந்தது.'

முதல் ஆளாக பிளஸ் ஒன்று போட்டேன். காரணம் எழுதவில்லை.