என் பேருல ஒரு சட்டம்

அன்பு மனைவி வெங்கடேஸ்வரிக்கு, நீயும் அம்மாவும் சொகமா? எனக்கு இருமல் கொறஞ்சிருச்சு.

விசா முடிஞ்ச என்னை இங்கயே தங்கவிடத் தனிச் சட்டம் போடச் சொல்லி அமெரிக்கப் பார்லிமெண்டுல மசோதா வச்சிருக்காக, அம்புட்டுதான். இன்னும் நிறைவேறல. அதுக்குள்ள, ‘அமெரிக்கா சட்டம் போட்டு ஏற்றுக்கொண்ட எங்கள் கருத்தப்பாண்டி’ன்னு வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டுல பிளெக்ஸ் வைக்க உன்னை யாருட்டி சொன்னது? எங்கண்ணன் அதைப் போட்டோ எடுத்து, தம்பி வெளிநாட்டுக்காரனாயிட்டான், தோப்புப் பட்டாவுல அவன் பேரை எடுங்கன்னு தாலுகா ஆபீஸ்ல மனு குடுத்துட்டான்.

விசாரணைக்கு நேர்ல வரணுமாம். நான் இங்கேருந்து கெளம்புனா மசோதாவும் போச்சு, திரும்ப உள்ளயும் விடமாட்டாக.

மிச்ச இருமலுக்குச் சுக்குப்பொடி அனுப்பு. ஷிப்டுக்கு நேரமாச்சு. அந்த பிளெக்ஸைக் கழட்டித் தோப்பு மோட்டார் ரூமுக்கு மேல போர்த்திரு. என் மூஞ்சியாவது நம்ம எடத்துல கெடக்கட்டும்.

கருத்தப்பாண்டி