ஆளில்லாத ஏரி

சென்னை
3.2.2025

அன்புள்ள ஜமுனாவுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நம் ஏரிக்கரையில் வரப்போகிற விடுதிக்கு ஒரு பெரிய ஓவியம் கேட்டிருக்கிறார்கள். முதலாளி பழைய இங்கிலாந்துப் படம் ஒன்றைக் காட்டி, "இப்படி அமைதியா இருக்கணும்" என்றார். புல்வெளி, பசுக்கள், மரநிழலில் படுத்திருக்கும் ஒரு மேய்ப்பன். நம் ஏரியில் தண்ணீரும் பூநாரைகளும் போதுமாம். தூரத்தில் ஒரு படகு இருக்கலாம், ஆட்கள் வேண்டாம். ஓவியக் கல்லூரி முடித்தபின் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இது. நாலு போட்டோ எடுத்து அனுப்பேன்.

உன் சிநேகிதி
சுபஸ்ரீ

கோட்டைக்குப்பம்
10.2.2025

சுபாவுக்கு,

போட்டோ எடுக்கப் போனேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடுப்பளவுத் தண்ணீரில் எங்கள் ஆட்கள் வெறுங்கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்த இறாலைப் போட வாயில் கவ்வியிருந்த பறிக்கூடையை அம்மா எடுத்துவிட்டு, "இன்னாடி, என்னியா எடுக்கிற?" என்று சிரித்தாள். "கொஞ்சம் நவுரும்மா, படத்துல ஆளே இருக்கக் கூடாதாம்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

படகு வைத்து மீன் பிடிப்பவர்கள் நீங்கள். உங்கள் வீட்டுப் படகு தூரத்தில் வரலாம், கையால் தடவுகிற என் அம்மா வரக்கூடாதா? அந்த இங்கிலீஷ்காரன் படத்தில் புல் அறுத்தவர்கள் எங்கே போனார்கள்? படித்தவள் நீ, சொல். போன வாரம் விடுதிக்காரன் வேலி போட அளந்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஆட்களோடுதான் எடுத்திருக்கிறேன். வேண்டுமானால் நீயே அழித்துக்கொள்.

ஜமுனா

சென்னை
20.2.2025

ஜமுனா,

நீ கேட்டதற்குப் பதில் தெரிந்தேதான் முதல் கடிதத்தில் மறைத்தேன். இங்கிலாந்தில் அப்போது ஊர்ப் பொது நிலங்களைப் பெரிய மனிதர்கள் வேலி போட்டு வளைத்துக்கொண்டார்கள். பார்வைக்கு இடைஞ்சல் என்று சில ஊர்களையே பெயர்த்தார்கள். அவர்களைப் போன்றவர்களின் கூடத்தில்தான் இந்தப் படங்கள் தொங்கின. உழைக்கிறவன் அதில் எறும்பளவு இருப்பான், இல்லையென்றால் நிழலில் தூங்குவான். இதைப் பரீட்சையில் எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். வெட்கமாக இருக்கிறது.

நேற்று படத்தை முடித்தேன். முன்னால், ஆள் உயரத்துக்குப் பதினொரு பெண்கள். நடுவில் உன் அம்மா. "யார் இவங்க? அழிச்சிடுங்க" என்றார் முதலாளி. "ஏரிக்காரங்க சார். அழிக்க மாட்டேன்" என்றேன். வேலை போயிற்று. படத்தை வண்டியில் ஏற்றி உன் வீட்டுக்கே அனுப்பியிருக்கிறேன்.

சுபஸ்ரீ

கோட்டைக்குப்பம்
6.3.2025

அன்புள்ள சுபா,

படம் வந்தது. "எம்மூக்கு இவ்ளோ பெருசா?" என்று அம்மாவுக்கு ஒரே குறை.

நேற்று விடுதி கட்டுவது பற்றி ஊரில் கருத்துக் கேட்க அதிகாரிகள் வந்தார்கள். விடுதிக்காரர்கள் திரையில் வெறும் ஏரியைக் காட்டினார்கள். அம்மா எழுந்து, "அதுல நாங்க எங்க சார்?" என்று கேட்டாள். உன் படத்தை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய்த் திரையை மறைத்து நின்றோம். இறக்கச் சொன்னார்கள், இறக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் போனார்கள்.

இருபதாம் தேதி மறுபடி வருகிறார்களாம். படம் பெரிது, கை வலிக்கிறது. ஒரு மூலையைப் பிடிக்க நீ வந்து சேர்.

உன்
ஜமுனா