பீடோர் லைனுக்கு ஓர் ஓசை

4 ஜூன் 1928, திங்கள்
சனிக்கிழமை மதியம் வரை தவணை. பட்டறைத் துரை, பல்பு போன்ற கண்ணாடி வால்வை என் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: லைனைச் சோதிக்க நான் செய்யும் இந்தப் பெட்டி பாட வேண்டும், அதன் ஓசை டெலிபோன் கம்பி வழியாகப் பீடோர் ஊர் வரை போய்க் கேட்க வேண்டும். இல்லையென்றால் நான் பட்டறையை விட்டுப் போக வேண்டும். யாரை நோவது? போன வாரம் சின்னப் பேட்டரி கொடுக்க வேண்டிய இடத்தில் பெரிய பேட்டரியைக் கொடுத்து முதல் வால்வைக் கருக்கியவன் நான்தானே. இதுதான் கடைசி வால்வு.

வேலை போனால் திரும்பவும் சுங்காய் ரப்பர்த் தோட்டம். அந்தக் கூலி லயத்துக் காய்ச்சலில்தான் எங்கள் மூத்தவன் பாஸ்கல் போனான், மூன்று வயதில். மனைவி ரோசம்மாவிடம் தவணையைப் பற்றிச் சொல்லவில்லை. சின்னவள் டோரிஸ் சோற்றில் இடது கையை விட்டாள், தட்டிவிட்டேன். ஒன்றரை வயதுக் குழந்தை. வீறிட்டு அழுதாள்.

5 ஜூன்
பெரிய சுருளைச் சுற்றி முடித்தேன். ஈயம் சொட்டி வலது கட்டைவிரல் வெந்துவிட்டது. சின்னச் சுருளுக்கு மயிரிழை போன்ற கம்பி, அறுபது சுற்று. இந்த விரலால் முடியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து ரோசம்மாவிடம் கொடுத்து, டோரிஸைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது நூல் பிசகாமல் சுற்றி வைத்திருந்தாள்.

6 ஜூன்
பாடவில்லை.

எல்லாம் சரிதானே? எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். பெரிய சுருளும் மின்சாரத்தைத் தேக்கும் கண்டன்சரும் சேர்ந்தால் ஒரு தூளி. மின்சாரம் அதற்குள் போய்ப் போய் வரும். சும்மா விட்டால் ஆட்டம் ஓய்ந்துவிடும். ஓயாமல் இருக்கத்தான் வால்வு. உள்ளே இழை சூடானதும் மின்சாரம் தகட்டுக்குப் பாய்கிறது. நடுவில் இருக்கும் கம்பிவலை அதற்குக் கதவு. தூளியின் ஆட்டம் கதவைத் திறந்து திறந்து மூட, தகட்டுப் பக்கம் அதே ஆட்டம் பெரிதாக வருகிறது. அதில் கொஞ்சத்தைச் சின்னச் சுருள் வாங்கித் தூளியையே திரும்பத் தள்ளுகிறது. தள்ளத் தள்ள நிற்காத ஆட்டம். அதுதான் காதில் ஓசை.

தூளி இருக்கிறது, கதவு இருக்கிறது, தள்ளவும் ஆள் இருக்கிறது — பிறகு ஏன் ஊமை?

பக்கத்து மேசை ஜெயபாலன், "பேட்டரி செத்திருக்கும் மச்சான், மாத்திப் பாரு லா" என்றான். மாற்றினேன். ஊமைதான்.

7 ஜூன்
ஊமை. மாதாவே, பாஸ்கல் போதாதா?

8 ஜூன், வெள்ளி
சாயங்காலம் ரோசம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, துணிமணியைக் கட்டு, தோட்டத்துக்கே போகலாம் என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாலதாங்க. சோத்துக்கையால சுத்துனா கம்பி அறுந்து அறுந்து போச்சு. நீங்க வெளிய போனதும் பீச்சாங்கையால சுத்துனேன். அந்தத் தரித்திரம்தான் புடிச்சிருக்கு."

கல்யாணமாகி ஆறு வருஷம். இவள் இடக்கைக்காரி என்று எனக்குத் தெரியாது! தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது இவள் போட்ட கோடு மட்டும் எதிர்ப்பக்கம் சாயுமாம். கங்காணி கத்திப்பிடியால் அந்தக் கைமேலேயே போடுவானாம். அன்றிலிருந்து மறைத்திருக்கிறாள்.

ஏண்டி மொதல்லயே சொல்லல, நாலு நாளா நான் சாகுறேனே... கத்திட்டேன். அவ அழுதா. கத்தி முடிச்ச பெறகுதான் அவ சொன்ன வார்த்தை காதுல ஏறிச்சு.

எதிர்ப்பக்கம்.

என் சுருள் ஒரு பக்கமாகப் போகிறது, அவள் சுருள் மறுபக்கமாக. அப்படியென்றால் தூளி நம்மை நோக்கி வரும்போதே பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். எப்படி ஆடும்? தரித்திரமும் இல்லை, ஒன்றும் இல்லை.

9 ஜூன், சனி
காலையில் சின்னச் சுருளின் இரண்டு முனைகளையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினேன். அவ்வளவுதான். பாடியது. ஐயோ, என்னமாய்ப் பாடியது! காதுக்கருவியைக் கழற்ற மனமில்லை.

பதினொரு மணிக்குப் பீடோரிலிருந்து ஆள் பேசினான்: "கேக்குது அண்ணே, நல்லாவே கேக்குது."

துரை பெட்டியைத் திறந்து பார்த்தார். சின்னச் சுருளை இவ்வளவு சீராகச் சுற்றியது யார் என்றார். என் மனைவி என்றேன். சிரித்தார், நம்பவில்லை. இன்னும் இரண்டு பெட்டி செய்யச் சொன்னார்.

10 ஜூன், ஞாயிறு
பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். "அடுத்த சுருளும் நீதான். எந்தக் கையால வேணும்னாலும் சுத்து" என்றேன். ரோசம்மா என் தட்டில் சோற்றை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை கத்தியது இன்னும் ஆறவில்லை போலும்.

டோரிஸ் இடது கையைச் சோற்றில் விட்டாள். விட்டுவிட்டுப் பயந்து என்னைப் பார்த்தாள். ரோசம்மாவும் பார்த்தாள்.

குழம்பைக் குழந்தை பக்கமாக நகர்த்தி வைத்தேன்.