கேசட்டின் கடைசிப் பாட்டு

புதுச்சேரி,
பிப்ரவரி 1984

என்னங்க,

போன கடிதத்துக்கும் பதில் வரவில்லை. பாரிஸில் வேலை அதிகம் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் பாட்டுக் குழு நண்பர்கள் வாராவாரம் இங்கே வந்து, நீங்கள் அனுப்பிய ராக் கேசட்டைக் கேட்கிறார்கள். கடைசியில் வரும் அந்த மெதுவான பாட்டை, பாடியவர்களே மேடையில் பாடியது அபூர்வமாம். லாஸ்பேட்டைக் கல்லூரி விழாவில் அது எடுபடுமா என்று நேற்று பெரிய சண்டை.

"டிரம்ஸ் இல்லாட்டி பசங்க விசிலடிச்சே எறக்கிடுவானுங்க," என்றார் தேவதாஸ்.

"டிரம்ஸ் போட்டா பாட்டே செத்துடும்டா," என்றார் சக்கரபாணி, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு.

காபி கொண்டுவந்த எனக்குப் பொறுக்கவில்லை. "மொதல்ல கிட்டார்கூட வேணாம். வெறும் குரல்ல ஆரம்பிங்க, அடங்கிடுவாங்க," என்றேன்.

"பாடிக் காட்டுங்க அண்ணி," என்றார் சக்கரபாணி.

நின்றபடியே பாடினேன். தினமும் கேட்டுக் கேட்டு முழுதும் மனப்பாடம். 'எப்போது வருவாய்' என்று பொருள்படும் வரியில் குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. முடித்ததும் சக்கரபாணி கிட்டாரைக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து வந்த உங்கள் அம்மா, "என்னா பாட்டோ, ஒண்ணும் புரியல. இன்னொரு தபா பாடும்மா," என்றார்.

சனிக்கிழமை விழா. நீங்கள் போனதிலிருந்து அவர்களுக்குப் பாட ஆளில்லை, நான்தான் பாடப்போகிறேன். உங்களைக் கேட்டுச் செய்ய நினைத்தேன். பிறகு, கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன்.

ஊருக்கு வருவதாக இருந்தால் முன்னதாகத் தெரிவியுங்கள். விழா முடிந்த பிறகும் மாலை வேளைகளில் நான் ஒத்திகைக்குப் போயிருப்பேன்.

உங்கள் மனைவி